மாமாவின் சாம்பியன்

என் உம்மா ஒரு வெள்ளைக்காரனுக்காக ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆக் கேட்டாள். அவன் ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். எங்கள் ஊர் மடவளைக்கும் அவனுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் என் மாமா.

மாமா உம்மாவின் தம்பி. கட்டுகஸ்தோட்டையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். ஸ்பீட்வே என்ற ஓட்டத்துக்கு லண்டனில் முதன்முதலாக உலகச் சாம்பியன் பட்டம் வைத்த வருஷம் அது. வட்டமான மண் பாதை, நான்கு பேர், நான்கு சுற்று. வளைவு வந்தால் இடது காலை நிலத்தில் ஊன்றி வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிடுவார்கள். அந்தக் காலுக்கு இரும்புச் செருப்பு. வண்டிக்குப் பிரேக் கிடையாது. மாமா இதை விளக்கியபோது, பைத்தியத்துக்கும் வெள்ளைக்காரன் சட்டதிட்டம் வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு வாப்பா எழுந்து போனார். நான் இடது காலில் ஒரு சாமன் மீன் டின்னின் தகரத்தைக் கட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினேன். கால் கிழிந்தது, புகழ் வரவில்லை. பிற்காலத்தில் எழுத்துக்கு வந்தபோதும் ஏறக்குறைய அதே அனுபவம்தான்.

உம்மா அப்போது மாமாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். மாமா வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்தார். ஒருநாள் உம்மா விடாமல் பிடித்துக்கொள்ளவே, எங்கள் வீட்டு அலுமாரிக் கதவில் தான் ஒட்டியிருந்த ஆஸ்திரேலியனின் படத்தைக் காட்டினார்.

"வல்லாஹி, இவன் உலகச் சாம்பியனானாத்தான் நான் கலியாணம் முடிப்பன் ராத்தா."

தப்பிக்கச் சொன்ன சொல்தான். ஆனால் அல்லாஹ்வின் பேரில் சொல்லியாகிவிட்டது. சத்தியத்தை மீறினால் அதற்குப் பரிகாரம் உண்டு, பள்ளிவாசல் லெப்பையைக் கேட்கலாம் என்றார் வாப்பா. மீறின சத்தியத்தில் தொடங்கும் குடித்தனத்தில் பறக்கத் இருக்காது, அல்லாஹ்வின் அருள் தங்காது என்பது உம்மாவின் கட்சி. ஆகவே அவள் சாம்பியன் பட்டத்தையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவன் வென்றால் பள்ளிவாசலுக்கு ஒரு அண்டா பாற்சோறு என்று நேர்ச்சை வைத்தாள்.

செய்தி கப்பலில் வந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாஸ்டர் லண்டன் பத்திரிகை எடுப்பார். அவர் வாசித்து முடித்ததும் மாமாவுக்குக் கிடைக்கும். எப்போதோ ஓடி முடிந்து தூசியும் அடங்கிவிட்ட ஓட்டங்களுக்காக நாங்கள் கையேந்திக்கொண்டிருந்தோம். மாஸ்டர் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். நேரகாலமெல்லாம் நமக்குத்தான், அல்லாஹ்வுக்கு இல்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் பதில் வந்தது. கணக்கு மாஸ்டர் அவர். அதற்கு மேல் அவரிடம் சூத்திரம் இல்லை.

ஆஸ்திரேலியன் சுற்றுக்குச் சுற்று முன்னேறினான். மாமாவின் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி கிலி.

அந்த நேரத்தில்தான் பிலிமத்தலாவைத் துணிக்கடைக்காரர் ஒருவரின் கார் கிளம்ப மறுத்தது. மாமா போய்க் காருக்கு அடியில் படுத்தபடியே தன் வழக்கமான ஸ்பீட்வே பிரசங்கத்தைச் செய்திருக்கிறார். வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"பிரேக் இல்லாட்டி எப்படி நிப்பாட்டுற?"

எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிக்க மாமா பலமுறை பிலிமத்தலாவைக்குப் போகவேண்டியிருந்தது. கார் அவ்வளவு பழுதாகவில்லை.

உம்மா விசாரித்தாள். கடைக்காரரின் மகள், நல்ல குடும்பம். ஆனால் பெண்ணுக்கு வேறொரு மாப்பிள்ளையும் வந்திருந்தார். நோன்பு பிறப்பதற்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள். நடுவில் நின்றது ஒரே ஒரு வல்லாஹிதான். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பள்ளிவாசலுக்குப் போன மாமா, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கே முன்வரிசையில் நின்றார்.

கடைசி ஓட்டத்தின் பத்திரிகையை மாஸ்டரே ஒரு பின்னேரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். மாமா நின்றபடி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். முதல் ஓட்டத்தில் எங்கள் ஆள் முதலிடம். இரண்டாவதிலும் அப்படியே. மொத்தம் ஐந்து, ஐந்திலும் அவன்தான். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தை மனதுக்குள்ளேயே வாசித்தார். பத்திரிகையை மடித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"அஞ்சிலயும் இவன்தான் ராத்தா. ஒருத்தனும் முந்தல்ல."

"மெய்தானா மாஸ்டர்?" என்றாள் உம்மா உள்ளிருந்து.

மாஸ்டருக்கு இருமல் வந்தது. "ஓம் தங்கச்சி. அஞ்சு ஓட்டத்திலயும் முதலாவதாய் வந்தவர் அவர்தான். நான் சொன்னதில ஒரு சொல்லும் பொய்யில்லை."

வீடு திருவிழாவானது. வாப்பாகூடச் சிரித்தார். பிலிமத்தலாவைக்கு ஆள் பறந்தது. நான் பத்திரிகையை விரித்துப் பார்த்தேன். கோப்பையைப் பிடித்தபடி வேறு யாரோ ஒருவன் நின்றான். மாமாவிடம் ஓடினேன்.

"அவனா? அவன் கோப்பை தூக்குற ஆள். ஓடிக் களைச்சவன் கையில அவ்வளவு பாரத்தைக் குடுப்பாங்களா, மருமகன்?"

எனக்கு நியாயமாகவே பட்டது. இங்கிலாந்தில் அப்படியொரு உத்தியோகம் உண்டென்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பெரியவனானதும் அதற்கு விண்ணப்பிக்கும் யோசனையும் இருந்தது. முந்திய கட்டப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டியதில், அன்று யாரிடமும் தோற்காத எங்கள் ஆள் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டான் என்று நான் அறிந்தபோது மாமாவுக்கு நான்கு பிள்ளைகள்.

பத்திரிகை வந்த மறுநாள் காலை, நேர்ச்சைப் பாற்சோற்றுக்கு அடுப்பு மூட்டும்போது உம்மா அந்தப் பத்திரிகையைக் கேட்டாள். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாதவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கோப்பைக்காரன் படம் வந்ததும் கை நின்றது. அலுமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளை மட்டும் கிழித்து, பிஸ்மி சொல்லி, விறகுக்கு அடியில் வைத்தாள்.

இத்தனை தாள் இருக்க, படமுள்ள தாளையா எரிப்பது என்று நான் அழுதேன்.

"சும்மா இரி மகன்," என்றாள் உம்மா, தீக்குச்சியைக் கிழித்தபடி. "இதுதான் நல்லாப் பத்தும்."