எனக்குப் பின்னால் நடந்தவர்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் காதர் தெருவில் ஒருமுறைகூட எனக்கு முன்னால் நடந்ததில்லை. மற்ற பெண்களின் புருஷன்மார் கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டு, தெருமுனையில் நின்று "இன்னும் இன்னா பண்றே?" என்று கத்துவார்கள். என்னவர் மட்டும் எனக்குப் பின்னாலேயே வருவார். "பாடிகார்டு மாதிரி வராரு பாரு. குடுத்து வெச்சவடி நீ" என்பாள் என் அக்கா வஜீஹா. அதைக் கேட்டு நானும் பூரித்துப் போயிருக்கிறேன், மடச்சி.

மற்றபடி இவரோடு குடித்தனம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். இளவயதில், இலங்கைக்குப் போன நம் அமைதிப்படையில் இருந்தவர். இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தொப்பியும் முறுக்கு மீசையுமாக நிற்கிறார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் கதவோரமாகத்தான் உட்காருவார். ஒருநாள் குக்கர் வால்வு வெடித்தது. நானும் பிள்ளைகளும் அடுப்படியில் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பதற்குள் இவர் வீட்டுக்கு வெளியே, எங்கள் கச்சேரி ரோட்டில் நின்றுகொண்டு, "எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார். செருப்பைக்கூட மறக்காமல் மாட்டியிருந்தார். இந்த மனிதரைத்தான் தெரு நலச்சங்கத் தலைவர் நல்லசிவம் குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டுக் கொடியேற்ற வைத்து, உயிரைத் துச்சமாக மதித்தவர் என்று மைக்கில் முழங்குவார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்வேன்.

ஏன் இப்படி என்று கேட்டால் பிரபுவின் கதை வரும். ஒரு பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் இவர் படையோடு போனபோது முன்னால் போன சிப்பாய் பிரபு கண்ணிவெடியை மிதித்து விழுந்துவிட்டார். தூக்கப் போன இன்னும் இரண்டு பேரும் அதே இடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். "ஒருத்தன் விழுந்தா அடுத்தவன் நகரக்கூடாது. அது ஆர்டர். நான் ஆர்டரை மதிச்சேன், உயிரோட கீறேன்" என்று முடிப்பார். அவர் நகராமல் நின்றதால்தான் எனக்கு ஒரு புருஷன், பிள்ளைகள், இந்த வீடு எல்லாம். அதற்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னதும் உண்டு. ஆனாலும் கதை முடியும்போதெல்லாம் ஒரு கேள்வி நெஞ்சை அரிக்கும். நான் விழுந்தால் இவர் வருவாரா?

போன வருஷ மழையில் அதற்குப் பதில் கிடைத்தது. மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். மழைநீர் வடிகாலுக்கென்று தோண்டிய பள்ளத்தை யாரோ ஒரு பலகையைப் போட்டு மூடியிருக்கிறார்கள், அந்தப் பலகையும் மிதந்து போய்விட்டது. காலை வைத்தேன், மார்பு வரை இறங்கிவிட்டேன். "என்னங்க!" என்று அலறித் திரும்பிப் பார்த்தால், குடையைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

தெருமுனையில் மீன் விற்கும் அந்தோணியம்மாள்தான் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "இன்னாய்யா மன்சன் நீ? பொண்டாட்டி பள்ளத்துல கீது, நீ போஸ்ட் கம்பம் மாதிரி நின்னுக்கினு கீற!"

வீட்டுக்கு வந்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டேன். அவரோடு பேசவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

"ஃபிர்தௌஸ், ஒருத்தர் விழுந்த எடத்துல இன்னொருத்தர் கால் வெக்கக்கூடாது..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும் நிறுத்துங்க. கச்சேரி ரோட்ல உங்களுக்கு யாரு ஆர்டர் போட்டாங்க?"

அவர் ஈரக் குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினார்.

"அந்தப் பனங்காட்லயும் யாரும் போடல" என்றார். "தூக்குங்கடான்னுதான் கத்தினாங்க. எனக்குத்தான் கால் வரல. அப்புறம் யாராவது கேட்டா ஆர்டர்னு சொல்லிக்கினேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். இன்னைக்கும் அதே மாதிரிதான். நீ கூப்ட்டது கேட்டுது. கால் வரல."

பேச்சை அதோடு விட்டிருந்தால் நான் அழுது முடித்து மன்னித்திருப்பேன். எனக்கோ சந்தேகம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு எப்பவும் என் பின்னாடியே வர்றீங்க?"

"பழக்கம். கண்ணிவெடி இருக்கிற எடத்துல முன்னாடி போறவன் கால் வெச்ச தடத்துலதான் அடுத்தவன் வெக்கணும்."

அக்கா மெச்சிய பாடிகார்டு! இத்தனை வருஷமும் என்னை முன்னால் விட்டு, நான் மிதித்துப் பார்த்த தரையில்தான் இந்த மனிதர் நடந்து வந்திருக்கிறார்.

"அப்போ நான் யாருங்க? உங்களுக்கு பிரபுவா?"

அவர் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் கூப்பிட மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. நான் மீன் வாங்கக் கூடையை எடுத்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். ஒவ்வோர் அடிக்கும் குடை நுனியால் தரையைக் குத்திப் பார்க்கிறார், ஊன்றுகிறார், பிறகுதான் காலை வைக்கிறார். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். இந்த வேகத்தில் போனால் வஞ்சிரம் எங்கே, மத்தி கிடைத்தாலே அதிகம்.

"என்னங்க, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

அவர் திரும்பவில்லை. "நான் கால் வெச்ச எடத்துலயே வெச்சு வா" என்றார். அந்தக் குளிர்காற்றிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்ட வேர்த்திருந்தது. என் கோபம் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் வேறெங்கும் மிதிக்காமல், அவர் கால் எடுத்த இடத்தில் என் காலை வைத்து நடந்தேன்.