நிசா மேடம் எழுதிய இரண்டாம் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காட்பாடி ரயில் நிலையத்தில் பெங்களூரு வண்டிக்காக நின்றிருந்தபோது, எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி வந்தது: “நிசா மேடம் காலமானார்.” வண்டி வந்தது, நான் ஏறவில்லை. அவர் வீடு இருக்கும் ஆம்பூருக்குப் பேருந்து பிடித்தேன்.

ரஹமத்துன்னிசா தன் வேலைக்காலம் முழுவதும் ஒரே கிருமியைத்தான் ஆராய்ந்தார்: கத்திரிச் செடியைப் பச்சையாக இருக்கும்போதே வாடச் செய்யும் பாக்டீரியா. கூடத்துக்கு நான் பொறுப்பாளன், அவர் ஆய்வாளர். அவருடன் வேலை செய்த உங்களில் பலர் அவரைப் பற்றித் தவறான ஒன்றை இன்றும் நம்புகிறீர்கள். அதற்குக் காரணம் நான்.

வாலாஜாபேட்டைக்கு அருகே ஓர் ஊரில் கத்திரித் தோட்டங்கள் அடுத்தடுத்துச் செத்தன. பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் கழிவுநீர்தான் காரணம் என்று ஊரார் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். ஆராய எங்களை அனுப்பினார்கள். தனகோடி என்ற பெண் விவசாயி தன் வரப்பிலேயே எங்களை மறித்தார்.

“இன்னாத்தம்மா பாக்கப் போறீங்க? கம்பெனித் தண்ணியாலதான் செத்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

நிசா ஒரு செடியைப் பிடுங்கி, தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரில் நுனி படும்படி பிடித்தார். சற்று நேரத்தில் பால் போல வெள்ளை இழை ஒன்று இறங்கியது.

“இது அத்தனையும் கிருமிதான்க்கா. செடிக்குத் தண்ணி ஏறவிடாம அடைச்சுடுச்சு.”

தனகோடி டம்ளரையே பார்த்தார். “அப்ப எங்க கெணத்துத் தண்ணி நல்ல தண்ணியா?”

“அதையும் எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன்க்கா.”

பார்த்தார். அறிக்கை இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் பாக்டீரியா. இரண்டாம் பக்கத்தில், கிணற்றில் உப்பு மிக அதிகம், உப்பால் புண்பட்ட வேரில் கிருமி எளிதாக நுழையக்கூடும், தண்ணீரைத் தனியாக ஆராய வேண்டும் என்று எழுதியிருந்தார்.

“தண்ணி நம்ம வேலை இல்லையே மேடம்” என்றேன்.

“ரெண்டும் சேர்ந்தாதான் உண்மை சார். ஒண்ண மட்டும் குடுத்தா அது பொய்யாய்டும்.”

மேலிடத்தை நினைத்துப் பயந்தேன். அவர் அறையை விட்டுப் போன பிறகு இரண்டாம் பக்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். அதன் அடியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது.

டேனரிக்காரர்கள் அந்த ஒற்றைத் தாளை நகலெடுத்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். மனு தள்ளுபடியானது. “அவங்கப்பா தோல் கம்பெனில இருந்தவருதானே, வேற எப்படி எழுதுவாங்க?” என்ற பேச்சு அந்த ஊரில் கிளம்பி எங்கள் கேண்டீன் வரை வந்தது. அதே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நான் வாய் திறக்கவில்லை.

நிசா இரண்டாம் பக்கத்தின் நகலோடு அந்த ஊருக்குப் போனார். தனகோடி அதை வாங்கி, படிக்காமலே கிழித்துப் போட்டாராம். அப்போதும் நிசா, “இந்த மண்ணுல கொஞ்ச நாளைக்குக் கத்திரி, தக்காளி வேணாம்க்கா, கேவுரு போடுங்க” என்று கேழ்வரகு விதைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார் என்று எங்கள் ஓட்டுநர் சொன்னார்.

மறுநாள் நிசா என் அறைக்கு வந்தார். “நடந்தத நீங்களே சொல்லிடுங்க சார்” என்றார். பார்க்கலாம் என்றேன். ஒரு வருடம் காத்திருந்தார். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். தாளைப் பிரித்தது யார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். “அங்க கேவுரு போட்டாங்களா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மனு தள்ளுபடியான பிறகு நான் அந்தப் பக்கமே போயிருக்கவில்லை.

“மேடம், அன்னைக்கு நான் செஞ்சது…” என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க.”

குரலில் கோபம் இல்லை. என்னை மன்னித்தாரா என்பதும் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வேலைதான். அதற்குப் பின் இரண்டு முறை வாலாஜாபேட்டை வரை போய்விட்டு, ஊருக்குள் நுழையாமல் திரும்பிவிட்டேன். இது அச்சில் வந்து யாராவது தனகோடிக்குப் படித்துக் காட்டுவதற்குள், நானே அவர் எதிரில் போய் நின்று சொல்லியாக வேண்டும்.