சகலை வீட்டுச் சுவர்

தங்கப்பாண்டி எனக்குச் சகலை. சொல்லிக்கொள்ளப் பெருமை ஒன்றுமில்லை. பரவை மார்க்கெட்டில் தக்காளி விற்கிறார். கடைக்கு மேலே சிவப்புப் படுதா கட்டியிருப்பார். அதன் அடியில் பச்சைக் காயும் பழுத்ததுபோல் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய மூளை அந்தப் படுதாவை விட்டு வெளியே வந்ததில்லை.

மகள் சத்யப்ரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கக் கிளம்பினார். பிள்ளை கறுப்பு. ஏற்கெனவே இரண்டு இடத்தில் ‘நிறம் கம்மி’ என்று சொல்லிவிட்டார்கள். லேப்பில் வேலை பார்த்து, வீட்டுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிற பெண்ணுக்குச் சுவரிடம் சிபாரிசு தேடினார் இந்த மனிதர்.

பெயிண்டரிடம் சொல்லிச் சுவரில் இரண்டு கட்டம் அடித்துப் பார்த்தார். ஒன்று இளம் ரோஸ், ஒன்று கரும்பச்சை. மகளை மாற்றி மாற்றி நிற்கவைத்துப் போனில் படம் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சகலை, எதுல பிள்ள செவப்பாத் தெரியுது?"

"ரெண்டுலயும் உங்க லட்சணந்தேன் தெரியுது" என்றேன்.

எருமை மாட்டின்மேல் மழை பெய்த கதைதான். சத்யப்ரியா சுவரோரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் கரும்பச்சையை முடிவுசெய்து, ஜன்னலைச் சாத்தி, மஞ்சள் பல்பு ஒன்றையும் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழகுராஜாவும் அவன் அம்மா சீனியம்மாளும் வந்தார்கள். அந்த அம்மா காபியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். எழுந்து போய் அவள் கையைப் பிடித்தார்.

"வா தாயி, வாசலுக்குப் போவோம். வெளிச்சத்துல பாக்கணும்."

விவரமானவர்கள் தக்காளியைப் படுதாவுக்கு வெளியே, வெயிலில் கொண்டுபோய்த்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிறவர்களை ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்தவர் சகலை. இப்போது மஞ்சள் பல்பை அண்ணாந்து பார்த்தார்.

சத்யப்ரியா கையை உதறவில்லை.

"வாரேன் அத்தை. உங்க மகனையும் வரச் சொல்லுங்க. நானும் வெளிச்சத்துலயே பாத்துக்கிறேன்."

அழகுராஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தானே தவிர, நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் காத்து நின்றாள். பிறகு உள்ளே வந்து சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தாள்.

"எனக்கு இந்த எடம் வேணாம்ப்பா."

வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். தங்கப்பாண்டி எழுந்துபோய்ச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரோஸையே அடிச்சிருக்கலாமோ, சகலை?"