மாமன் கொடுத்த தத்துவப் புத்தகம்

மாமன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. லீவு நாளில் அம்மாவோடு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போவேன். மரவள்ளிக் கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் தோல் சீவுவார்கள். நான் கதை சொல்வேன். கதை நன்றாக இருந்தால் கத்திச் சத்தம் மட்டும் கேட்கும். சொதப்பினால் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மாதம் எல்லோரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். ராஜாவையும் பூதத்தையும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது?

மாமன், அம்மாவின் தம்பி, காலேஜில் தத்துவம் படித்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறோம் என்று தலைகால் புரியாத பெருமை. என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“இன்னாடி கத சொல்ற நீ? கதைக்குள்ள ஒரு கேள்வி இருக்கணும். இத்தப் படி.”

தன் பாடப்புத்தகத்தைக் கொடுத்தான். எனக்குப் பாதி புரியவில்லை. அவனே ஒரு பக்கத்தை மடித்து, “இத்த வெச்சுச் சொல்லு, எல்லாம் வாயப் பொத்திக்கினு கேப்பாங்க” என்றான்.

பஞ்ச காலம். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். ஓர் உயிர் பிழைக்க மட்டுமே கஞ்சி இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது சரி?

சும்மா சொல்லக்கூடாது, அசத்திவிட்டேன். அந்தத் தாய்க்குப் பெயர் வைத்தேன், பிள்ளைகளை அழவிட்டேன். களமே அடங்கிப்போனது. அங்கேயே கதையை நிறுத்தி, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒருத்தி சின்னதுக்கு என்றாள். இன்னொருத்தி பாதிப் பாதி என்றாள். அப்படியென்றால் ரெண்டும் செத்துப்போகும் என்று அவளை மடக்கினேன். அங்கேயே கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசியாக அம்மா.

“நீ யாருக்கும்மா குடுப்ப?”

கிழங்கைப் போட்டுவிட்டு எழுந்து வந்து அறைந்தாள். அதுவரை என்மேல் கை வைக்காதவள். புத்தகத்தைப் பிடுங்கிக் கிழங்கு கழுவும் தொட்டியில் வீசினாள். அத்தனை பேர் முன்னால்.

“பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இன்னாத்துக்கு அடிக்கிற?” என்று கத்தினேன்.

இரண்டு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. படிக்காத ஜென்மம் என்று மாமனிடம் சொன்னேன். அவன் ஆமாம் என்றான்.

அம்மா இறந்த பிறகுதான் பெரியம்மா வாய் திறந்தாள். நாங்கள் வெள்ளிமலையில் இருந்தபோது, மழை இல்லாமல் சாமை கருகிப்போன வருஷம், எனக்கு ஓர் அக்கா இருந்தாளாம். இருவரும் பசியில் துவண்டு கிடந்தோமாம். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கூழ் இருந்ததாம். பத்து வயது மாமன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். பிறகு நான் கேட்டபோது, மறந்துவிட்டது என்றான். எப்படியடா மறக்கும்?

தத்துவம் இன்றும் படிக்கிறேன். என் கதைகளுக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் அன்று, பதில் தெரியாததால்தான் அம்மா அடித்தாள் என்று நினைத்தேன். அந்தக் களத்தில் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பதில்தான் எதிரே நின்று அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.