கியரில் நிறுத்திய வண்டி

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்து தினம் ஒரு வரி எழுதி வருகிறேன். எந்த ஊர், என்ன சரக்கு, மழையா வெயிலா, எங்கே சாப்பிட்டேன் என்பதோடு வரி முடிந்துவிடும். நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுகூட, பால் டேங்கர் வேலைக்கு ஓட்டிக் காட்டப் போனது செவ்வாய்க்கிழமை என்று எழுதிவிட்டு நோட்டைப் புரட்டினேன். புதன் என்று இருந்தது.

அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் ஒன்பது வருடம் வாணியம்பாடியில் தோல் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரியை ஓட்டினேன். போக ஐந்தாறு நாள். சரக்கு இறக்கக் காத்திருப்பது ஒன்றிரண்டு நாள். திரும்பி வர லோடு கிடைக்கும்வரை எத்தனை நாளோ, அது யார் கையிலும் இல்லை. எங்கள் ஊர் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், சவ்வாது மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது முந்தின வருடத்து நோட்டை எடுத்து, என் வீட்டில் நான் படுத்தெழுந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்று. ஒரு நாளை இரண்டு தடவை எண்ணியிருந்தேன்.

என் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். அவளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவள் காலை மிதிப்பலகையிலிருந்து எடுக்கவே இல்லை.

"இத எண்றதுக்கு நோட்டு வேற வேணுமா? நீ வந்தா உம் பொண்ணு பள்ளிக்கூடத்துல போய், 'எங்கப்பா எங்க வூட்டுக்கு வந்துகீறாரு'ன்னு சொல்றாளாம். டீச்சரம்மா சிரிச்சிக்கினே சொல்றாங்க. விருந்தாடி வந்தாதான் அப்படிச் சொல்வாங்க."

மகள் அப்போது நாலாம் வகுப்பு. தினமும் வீடு திரும்புகிற ஒரு லாரி வேலை தேட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். போகும் இடத்திலெல்லாம் நான் முதலில் கேட்ட கேள்வி, "சாயங்காலத்துக்குள்ள வூட்டுக்குப் போய்டலாமாங்க?" என்பதுதான். செங்கல் சூளைக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ லாரி டிரைவரா, பேங்க் மேனேஜராப்பா?" என்றார். கேஸ் சிலிண்டர் வண்டி ஒன்று கிடைக்கிற மாதிரி இருந்தது. நான் ஊர் திரும்புவதற்குள் அதில் வேறொருவர் ஏறிவிட்டார். நான்கு மாதத்தில் நேரில் போய்க் கேட்டது ஏழு இடம்.

அந்த நாட்களில் போனைத் திறந்தால் மேடையில் நின்று கத்துகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உன்னால் முடியும், எழுந்து நில் என்பார்கள். விடுப்பில் வந்த ஒரு காலை இதைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "அத நிறுத்தித் தொலை. அந்தாளு போடுற கூச்சல்ல கோழி முட்டையே வெக்கல," என்றாள்.

உண்மையில் என்னைத் தளரவிடாமல் வைத்திருந்தவை இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று நோட்டு. வாரத்துக்கு ஒரு இடத்திலாவது விசாரிப்பது, விசாரித்ததை அன்றைய வரியில் எழுதிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைவரை அப்படி ஒரு வரி விழவில்லை என்றால் எனக்கே கூச்சமாக இருக்கும். எங்கேயாவது வண்டியை ஓரங்கட்டி யாருக்காவது போன் செய்வேன். இன்னொன்று கிளை நூலகம். நான் ஊர் திரும்புவதற்குள் புத்தகக் கெடு தாண்டிவிடும் என்று நூலகத்து அம்மாவுக்குத் தெரியும். போன் செய்தால் போதும், என் பெயரில் தேதியை நீட்டிவிடுவார். கப்பல் காலத்துப் பயண நூல்களாக எடுத்துப் போவேன். அந்தப் பயணிகள் பாதி நாள் ஏதாவதொரு துறையில் காற்றுக்காகக் காத்துக் கிடந்தவர்கள்தான். கிடந்த நாளிலும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கான்பூரில் லோடுக்காகக் காத்துக் கிடந்த எனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று அந்த அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வேலை தேடுவதை முதலாளியிடம் மறைத்து வைத்திருந்தேன். அவர் வாணியம்பாடிக்காரர், நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். எட்டாவது இடம் தேடும் முன் அவரிடமே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, ஒரு வியாழக்கிழமை போய் நின்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"பொண்டாட்டி புள்ளையோட இருக்கணும்ன்றே. இதுல தப்பு இன்னா கீது?" என்றார். "இத நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா நானே நாலு பேர்கிட்ட கேட்டிருப்பேன் இல்ல? ஊரெல்லாம் சொல்லிட்டு என்கிட்ட கடைசியா வர்றே." அங்கேயே போனை எடுத்தார். கணியம்பாடிப் பக்கம் ஒரு பால் கம்பெனியில் டேங்கருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது அப்படித்தான்.

புதன்கிழமை அங்கே போனேன். மூன்று பேர் வந்திருந்தோம். வேலை ஒன்றுதான். வண்டிகளுக்குப் பொறுப்பாக ஒரு அம்மா இருந்தார், எல்லோரும் மேடம் என்றார்கள். பழைய டேங்கர் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். பாதி நிரம்பிய டேங்கர்தான் கஷ்டம். வண்டி நின்ற பிறகும் உள்ளே இருப்பது நிற்காது, ஓடி வந்து முதுகில் மோதும். வெடுக்கென்று பிரேக் போடுகிறவன் அங்கே தோற்றான்.

எனக்கு அது கைவந்ததாக இருந்தது. நான் வண்டி பழகியதே சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில், புளியும் சாமையும் ஏற்றிய லாரியில். முதல் ஆள் பின்னோக்கி எடுக்கும்போது திணறினார். அடுத்து நான். யார்டை இரண்டு சுற்று சுற்றி, வரிசையாக வைத்திருந்த டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தினேன். மேடம் தலையை ஆட்டியதைக் கண்ணாடியில் பார்த்தேன். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மலையில் வண்டியை நிறுத்தினால் எங்கள் ஆட்கள் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். இன்ஜினை அணைத்துக் கியரில் போட்டுவிட்டு இறங்குவார்கள். இறங்கியதும் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை, செருப்பை வாசலில் கழற்றுகிற மாதிரி. அன்றும் முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். கல்கூடத் தேடினேன். பெருக்கித் துடைத்த சிமெண்ட் தரை, ஒரு கல் இல்லை.

மூன்றாவது ஆள் ஏறினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், பைபாஸ் சாலையிலேயே காலத்தைக் கழித்தவர். சமதளத்து டிரைவருக்கு வண்டி எப்போதும் நியூட்ரலில்தான் நிற்கும். அவர் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருகினார். வண்டி முன்னால் ஒரு குதி குதித்தது. ஒரு டிரம் உருண்டு ஓடியது. அவர் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

"கியர்ல விட்டது யாரு?" என்றார் மேடம்.

முதல் ஆள் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, "நான் ஓட்டி எவ்ளோ நேரம் ஆவுதுங்க," என்றார்.

"நான்தாங்க மேடம். மலைப் பழக்கம்," என்றேன்.

"இது மலையா?"

"இல்லீங்க."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். இறங்கி வந்த ஆற்காட்டுக்காரர் நெற்றியைத் தேய்த்தபடி, "தம்பி, இன்டர்வியூக்கு வந்தவனுக்குப் பொட்டு வெச்சி அனுப்புறியே," என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு அவர் மறுபடி ஏறி, அருமையாக ஓட்டிக் காட்டினார். எதிர்க் கடையில் நானே டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை தெரிந்தது. அந்த நாளின் வரி இது: "அவருக்குக் கிடைத்தது. ஊரில் தூறல்." ஞாயிறு மத்தியானம் மறுபடி வடக்கே கிளம்பினேன். வண்டியில் ஏறும்போது மகள், "எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டாள்.

பத்து நாள் கழித்து, நாக்பூர் பக்கம் ஒரு தாபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆற்காட்டு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நான்தான், பொட்டுக்காரன். என்னெ உங்க மலை மேல பால் எடுக்க அனுப்புறாங்கப்பா. ஏறிட்றேன். எறங்கத்தான் வரல. பாதி மலையிலயே பிரேக்ல பொகை வருது. பின்னாடி பால் வேற புடிச்சித் தள்ளுது. நீ எப்படிப்பா எறங்குவ?"

"லோடு எறங்கிக்கினு இருக்குணா. அப்புறமா பேசறேன்," என்று வைத்துவிட்டேன்.

அன்றைய வரி இப்படி இருக்கிறது: "லோடு இறங்கவில்லை. இறங்குகிறது என்று சொன்னேன்." மலைக்குப் பயந்து அவர் வேலையை விட்டால் அது எனக்கு வரும் என்று நான் நினைத்ததுதான் காரணம். அதை நோட்டில் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது அந்தச் சாலை கண்ணுக்குள் வந்தது. அவர் பிரேக் பிடிக்காமல் இறங்கி வரும் அதே வளைவில், எதிரே ஜனம் நிறைந்த பஸ் ஏறி வரும். வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே கூப்பிட்டேன்.

"எந்த கியர்ல ஏர்றீங்களோ அதே கியர்ல எறங்குங்கணா. அவ்ளோதான். எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், நடுவுல மாத்தக் கூடாது. பிரேக்க சும்மா சும்மா அமுக்கினா அதுல கீற காத்து எறங்கிடும், அப்புறம் ஒண்ணுமே புடிக்காது."

"செகண்ட்லயா? மாட்டு வண்டி தாண்டிப் போவுமேப்பா."

"போவட்டும்ணா. மாட்டுக்கும் வூட்டுக்குப் போவணும் இல்ல?"

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாளாவது பேசினார். மழையில் எப்படி, மூடுபனியில் எப்படி, எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று கேட்பார். நான் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கிடங்கு வாசலில் நின்றுகொண்டு, எனக்குக் கிடைக்காத வேலையை வளைவு வளைவாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் வாயில் கசந்தது. போகப் போக அந்த அழைப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். நான் போக முடியாத ஊர்ச் சாலையில், அவர் வழியாக நானும் தினம் ஏறி இறங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் பங்குனி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை, மேடமே கூப்பிட்டார். மலையில் பால் கூடிவிட்டதால் இன்னொரு டேங்கர் விடுகிறார்களாம். புது வண்டியை ஆற்காட்டு அண்ணனிடம் கொடுக்கப் போனபோது அவர் மறுத்திருக்கிறார்.

"இத்தனை நாள் அவர் உங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் இறங்கினாராமே," என்றார் மேடம். "மலை வண்டிய அவனுக்குக் கொடுங்க, எனக்கு ரோடு வண்டி போதும்னு சொல்றார். நீங்க வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். இருபது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த ஒருவர், எனக்கு இது தெரியாது, இன்னொருவன் சொல்லித்தான் செய்தேன் என்று வேலை கொடுத்தவரிடமே சொல்வது சாதாரணமில்லை. அந்தப் பேச்சு அவர் வேலைக்கே உலை வைத்திருக்கலாம். சொன்னார். அவரைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். "எம் பொண்டாட்டி சாமிக்கு வேண்டிக்கினா, இந்தாளு மலையிலேர்ந்து உசுரோட எறங்கணும்னு. நீ வந்தா எனக்குத்தாம்பா லாபம்," என்றார்.

பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "நல்லாரு. டிரைவரா வராதே, சும்மா வா. ரம்ஜானுக்கு வூட்டுக்கு வரலன்னா போன் பண்ணித் திட்டுவேன்," என்றார். இரண்டு ரம்ஜானுக்குப் போய்விட்டேன்.

புது வேலையில் முதல் நாள் விடிகாலை கிளம்பினேன். மலையில் பாலை ஏற்றி, ஏறிய கியரிலேயே இறங்கி, கம்பெனியில் கொடுத்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு பத்து. மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, வண்டி ரிப்பேரா?"

"இல்ல. வேலை முடிஞ்சிபோச்சி."

"போச்சா?" என்று எழுந்தேவிட்டாள்.

"இன்னிக்கி வேலை முடிஞ்சிதுன்னேன். நாளைக்கும் இந்நேரத்துக்கு வந்துடுவேன்."

"அப்ப மத்தியானத்துக்கும் சேத்து ஒல வெக்கணுமா? மொதல்லயே சொல்றதில்ல? ரசம் மட்டும்தான் கீது," என்று அலுத்துக்கொண்டே தட்டை எடுத்தாள். அந்த ரசமும் சோறும் நோட்டில் இருக்கிறது.

நாலரைக்கு மகள் வந்தாள். வடக்கிலிருந்து வருகிற நாட்களில் அவள் என் பக்கத்தைவிட்டு அசைய மாட்டாள். சாப்பிடும்போதும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். விளையாடக் கூப்பிட வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அன்றும் பையோடு வந்து மடியில் சாய்ந்தாள்.

"எப்போ போற?"

"நாளைக்கிக் காலைல போய்ட்டு, மத்தியானம் வந்துடுவேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் அப்படித்தான். தெனம்."

தெருவில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பையை என் மடியிலேயே போட்டுவிட்டு விளையாட ஓடிப்போனாள்.