மூன்று கோட்டிங் சன்ஸ்கிரீன்

பெயின்டருக்கு விமானத்தைப் பற்றிப் பயமில்லை. சாரத்தில் நின்றே காலத்தை ஓட்டியவருக்கு உயரம் ஒரு பொருட்டா? அவருடைய பயமெல்லாம் பேத்தியைப் பற்றித்தான். ஒன்றரை வயது. புது ஆளைக் கண்டால் கூரையே பிய்த்துக்கொண்டு போகும்படி கத்துகிறவள். ஃபோனில் மட்டுமே பார்த்த தாத்தாவிடம் வருவாளா? "வராட்டி அடுத்த விமானத்துல திரும்பிடலாம்" என்று மனைவியிடம் விறைப்பாகச் சொன்னார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மகளுக்குத் தோல் மருத்துவமனையில் வேலை. "ஜன்னல் சீட்டு போட்டிருக்கேன்ப்பா. அங்க மேல கண்ணாடி வழியாவே வெயில் தாக்கும். சன்ஸ்கிரீன் தடவிக்குங்க" என்று சொல்லியிருந்தாள்.

விமானம் மேகத்தைத் தாண்டியதும் ட்யூபைத் திறந்து பூசினார். மனைவியின் கைக்கண்ணாடியில் பார்த்தால், பூசியதற்கு அடையாளமே இல்லை.

"குடிச்சிடுச்சு."

"எது?"

"மூஞ்சி. பழைய சுவரு இல்லையா, மொதல் கோட்டிங்க அப்படியே குடிச்சிடும்."

மறைக்காத பூச்சு அவரைப் பொறுத்தவரை பூச்சே இல்லை. காயவிட்டு, இரண்டாவது கோட்டிங் கொடுத்தார். மூக்கோரம், காதோரமெல்லாம் பிசிறில்லாமல் இழுத்தார். மூன்றாவதில் முகம் வெள்ளை வெளேரென்று மூடிக்கொண்டது.

"கண்ணையும் வாயையும் விட்டுவச்சிருக்கீங்களே, பெரிய மனசுதான்" என்றாள் மனைவி.

"உன் பக்கமும் வெயில் அடிக்குது. காட்டு."

"கிட்ட வந்தீங்க, நடுவானத்துலயே எறங்கிடுவேன்."

தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண் அவரைப் பார்த்துவிட்டு மனைவியிடம் குனிந்தாள். "சாருக்கு உடம்பு ஏதாவது...?"

"இல்லம்மா. தொழில்."

விமான நிலையத்துக்கு வெளியே மகள் குழந்தையோடு காத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் பதறிப்போனாள். "என்னப்பா இது கோலம், புள்ள மிரண்டுடுவா" என்று ஈரத்தாளால் அழுத்தித் துடைத்தாள். மாநிறமான சொந்த முகம் வெளியே வந்ததுதான் தாமதம், பேத்தி வீறிட்டு அம்மாவின் தோளில் புதைந்தாள்.

பெயின்டர் பெட்டியின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மனைவிதான் முதலில் சிரித்தாள். "நீ எப்பவும் மத்தியானம்தானடி ஃபோன் பண்ணுவ? அப்ப சுவத்துல பட்டி தேய்ச்ச வெள்ளத் தூளு மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டுத்தான இவரு பேசுவாரு. அவளுக்குத் தெரிஞ்ச தாத்தா வெள்ளத் தாத்தா."

அங்கிருந்த நாற்காலி வரிசையில் அப்பாவை உட்காரவைத்து மகளே சன்ஸ்கிரீனைப் பூசிவிட்டாள். படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கெட்டியாகவே பூசினாள். விசும்பல் மெல்ல நின்றது. பேத்தி இறங்கி வந்து, தாத்தாவின் முழங்காலைப் பிடித்து நின்று, ஒரு விரலை நீட்டினாள்.

"இன்னும் காயல, கண்ணு. கை வைக்காத" என்றவர், கன்னத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.