பின்கதவு வைத்த கவச வண்டி

பெரியப்பா மகன் டாக்டராகாமல் திரும்பி வந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். உக்ரைனின் கிழக்கு மூலையில் முதன்முதலாகச் சண்டை மூண்ட சமயம் அது. அவன் படித்த கல்லூரியை மூடிவிட்டார்கள். ஒற்றைத் தோள்பையோடு விமான நிலையத்தில் வந்து இறங்கியவனை அழைத்துவரக் குடும்பமே இரண்டு கார்களில் கிளம்பிப் போனது. அழைத்து வந்த பிறகு அவனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய கிளினிக்குக்காக ஆழ்வார்பேட்டையில் ஓர் இடத்தைப் பெரியப்பா முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். இப்போது அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால்கூட டிரைவரிடம் வேறு வழியாகப் போகச் சொன்னார்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்தவர்கள். கீழே கடை, அதற்கு மேல் குடோன், அதற்கும் மேல் வீடு. காலையில் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் கடைக்கு இறங்கிவிடுவார்கள். பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும். ஜன்னலில் நின்று பார்த்தால் தெரு முழுக்கத் தலைகளாக நகரும். எனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள், எனக்கு இரண்டு மாடி கீழே. வியாபார நேரத்தில் நான் கடைக்குள் வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

அண்ணன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருந்த அறையை எடுத்துக்கொண்டான். இறங்கி வருவதே இல்லை. சாயங்காலம் அவனுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையாயிற்று. கதவைத் திறப்பான், வாங்கிக்கொள்வான், சாத்திக்கொள்வான். பேச்சே கிடையாது. இருந்தாலும் படியேறிப் போக ஓர் இடம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் அவன் பெயருக்குப் பார்சல் ஒன்று வந்தது. கடையில் பாத்திரம் கட்டுகிறவர் அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இன்னா பாப்பா, உங்கண்ணன் பொம்ம வாங்கிக்கினு கீறாரா?" என்று கேட்டார். பெட்டியின் மேல் எட்டுச் சக்கரம் வைத்த பச்சை நிற வண்டியின் படம் இருந்தது. தலையில் சின்னத் துப்பாக்கிக் கூண்டு, சுற்றிலும் இரும்புச் சுவர். சோவியத் காலத்துக் கவச வண்டி என்று அண்ணன் சொன்னான். அவன் திரும்பி வந்தபின் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். அன்று கதவைச் சாத்தவில்லை.

உள்ளே பாகங்களெல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரியம்மாவின் நகவெட்டியால் ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்டவேண்டும். சக்கரங்களைத் தேய்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே தேய்ப்பேன். அவன் கேட்டானா என்பது தெரியாது. போதும் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

வண்டி பெட்டிப் படத்தைப் போல உருவாகிக்கொண்டு வந்த நேரத்தில், ஒரு சாயங்காலம் நான் போனபோது அதன் பின்பக்கத்தை பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பாகச் செய்கிறாய் அண்ணே, படத்தில் அப்படி இல்லை என்றேன்.

"படத்துல உள்ளது எல்லாரும் செய்யுறது" என்றான். "இப்படி ஒண்ணு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு செஞ்சு பாக்குதேன்."

அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறதாம். அதனால் பின்கதவு வைக்க இடமே கிடையாதாம். உள்ளே போகவேண்டுமென்றால் மேலே ஏறிக் குதிக்கவேண்டும், அல்லது பக்கவாட்டில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக உடம்பைக் குறுக்கி நுழையவேண்டும். இவன் எஞ்சினை முன்னால் கொண்டுபோய்விட்டான். துப்பாக்கிக் கூண்டை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தை அடைத்தான். பின்னால் அகலமாக ஒரு கதவு வைத்தான். அப்படி ஒரு வண்டியை யாரும் எங்கேயும் செய்ததில்லை என்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்துக்கு ஒருமுறை என்னை அழைத்துப் போனான். வீட்டைவிட்டு அவன் வெளியே வந்தது அன்றுதான். ராணுவ வண்டிகள் பற்றிய கனத்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, எங்கள் வண்டியின் படம் இருந்த பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் சிறுவர் பகுதிக்குப் போய்விட்டுத் திரும்பியபோதும் அதே பக்கம்தான் திறந்திருந்தது.

வண்டிக்குள் வைக்கிற தூக்குப்படுக்கையைச் செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டான். ஐஸ் குச்சியைச் சீவி, மேலே பேண்டேஜ் துணியை ஒட்டினேன். கதவு வழியாக அது உள்ளே போகிறதா என்று அவன் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தான். போனது. மறுபடியும் வெளியே எடுத்துத் தள்ளினான். அடுத்தது நோயாளி. குழாய் அடைக்க வாங்கி வைத்திருந்த எம்சீலைப் பிசைந்து ஓர் ஆளைச் செய்து, மீசையும் வரைந்து கொடுத்தேன். அண்ணன் மீசையைச் சுரண்டிவிட்டு, தலைமுடியை நீளமாக்கு என்றான். சட்டைக்குச் சிவப்பு அடிக்கப் போனேன்.

"மஞ்சக் கோட்டு" என்றான்.

அவனிடம் மஞ்சள் இல்லை. என் பள்ளி வண்ணப் பெட்டியிலிருந்து கொண்டுவந்து அடித்தேன். இன்னும் நாலைந்து பேரைச் செய்யட்டுமா, வண்டியில்தான் நிறைய இடம் இருக்கிறதே என்று கேட்டேன். ஒருத்தி போதும் என்றான்.

தீபாவளி வியாபாரம் சூடு பிடித்தது. அண்ணனும் கடையில் வந்து நிற்கவேண்டும் என்று பெரியப்பா சொல்லி அனுப்பினார். இவன் போகவில்லை. மறுபடியும் சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, கோபமும் சேர்ந்துகொண்டது. வாசலில் நின்றபடி, ஊர் முழுக்க டாக்டர் என்று சொல்லி வைத்தேனே, நீ பொம்மை வைத்து விளையாடுகிறாயா என்று ஆரம்பித்தார். அண்ணன் தலை நிமிரவில்லை. பெரியப்பா உள்ளே வந்து வண்டியை எடுத்தார். கீழே போட்டு உடைக்கப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் உடைக்கவில்லை. பின்கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே படுத்திருந்த மஞ்சள் கோட்டுக்காரியைப் பார்த்தார்.

"என்னலே இது, ஆம்புலன்ஸா?"

"நெசத்துல இதுக்குப் பின்னாடி கதவு கெடையாதுப்பா."

"கதவு இல்லாம எப்படி ஆள ஏத்துவாவ?"

அண்ணன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அப்புறம், "ஏத்தலப்பா" என்றான்.

பெரியப்பா வண்டியை மேசைமேல் மெதுவாக வைத்தார். அங்கே கிடந்த பெயிண்ட் டப்பாமேல் வேட்டி அழுக்காவதைப் பாராமல் உட்கார்ந்தார். என்னிடம், "ஏட்டி, நீ கீழ போ" என்றார். குரலில் அதட்டல் இல்லாததால் எனக்குக் கூடுதலாகப் பயமாயிருந்தது.

அன்று பெரியப்பா கடைக்குத் திரும்பவே இல்லை. அப்பா மூன்று முறை ஆள் அனுப்பினார். நான் வீட்டு ஜன்னலில் நின்று, தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி கொதித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் தேய்த்தது நான், படுக்கை செய்தது நான், வண்டியின் ரகசியத்தை மட்டும் பெரியப்பாவிடம் சொல்கிறானே என்று.

அதற்குப் பிறகு யாரும் அண்ணனைக் கடைக்குக் கூப்பிடவில்லை. பெரியப்பாவே வாரம் ஒருமுறை படியேறி வந்தார். அவர் வந்தால் நான் வெளியே போய்விடவேண்டும் என்பது சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. பொங்கல் கழிந்து, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர அண்ணனை வேறொரு நாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். போகிற அன்று வண்டியை என்னிடம் கொடுத்து, உனக்குத்தான் என்றான். அவன் கிளம்பிப் போனபிறகு கதவைத் திறந்து பார்த்தேன். படுக்கை இருந்தது. அவள் இல்லை.

அவள் யார் என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பெரியம்மா சொன்னாள். அண்ணனோடு படித்த பெண். அந்த ஊர்க்காரி. அவர்கள் ரொட்டி வாங்க வரிசையில் நின்ற தெருவில் குண்டு விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே ராணுவ வண்டி ஒன்று நின்றிருக்கிறது. இடிந்த வீட்டுக் கதவொன்றைப் பெயர்த்து அதில் அவளைக் கிடத்தி இவனும் இன்னொருவரும் அந்த வண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ராணுவத்தாரும் முயற்சி செய்திருக்கிறார்கள். மேலே தூக்கவும் முடியவில்லை, பக்கத்து ஓட்டையில் நுழைக்கவும் முடியவில்லை. வேறு வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்கு அன்று மாடியறையில்தான் இது முதன்முதலாகத் தெரிந்ததாம்.

அப்போது இதெல்லாம் தெரியாத எனக்கோ, அண்ணன் போன புதிதில் எல்லாச் சாயங்காலங்களும் பழையபடி நீளமாகிவிட்டன. மாடியறையைப் பூட்டிவிட்டார்கள். காலியான வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், நான் செய்ததில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்றிருந்தது. மீதி எம்சீலைப் பிசைந்து இன்னொருத்தியைச் செய்தேன். இரட்டைச் சடை, நீலப் பாவாடை, என் பள்ளிச் சீருடை. படுக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் பேசினான். என் முறை வந்ததும் நான் அதைத்தான் முதலில் சொன்னேன். வண்டி சும்மா கிடந்தது, அதனால் என்னைச் செய்து உள்ளே படுக்க வைத்துவிட்டேன் என்றேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை அலோ சொன்னேன்.

"படுக்க வைக்காத" என்றான் கடைசியில். "முன்னாடி சீட்டுல உக்கார வையி. நீ ஓட்டு."

முன்சீட்டுக்குள் அந்தப் பொம்மை போகாது, கால் நீளம் என்று அவனோடு வாதாடினேன். காலை மடக்கி வைக்கச் சொன்னான். மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னான். எம்சீல் காய்ந்தால் மடங்காது என்பதுகூடத் தெரியாமல் என்ன டாக்டருக்குப் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.